வாசு எழுதிவைத்த தாள்

வாசு பேசாத மனிதர். அது ஒரு குறையே இல்லை என்று இருபத்தாறு வருடமும் ஜெகதீஸ்வரி ஊரை நம்பவைத்தாள். பாகான் டாலாமில் மற்றப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களின் வாயைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால், "எங்க வீட்டுல அந்தத் தொல்லையே இல்லலா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். சோறு போடவா என்று கேட்டால் ஒரு தலையசைப்பு. குழம்பு எப்படி என்றால் இன்னொரு தலையசைப்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு நாலு வருடம் ஆனது.

வாரநாட்களில் வாசு புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டி ஜார்ஜ் டவுன் போய், சீனர் வீட்டுச் சாவு ஊர்வலங்களில் வாசிக்கும் ஒரு பேண்டில் யூபோனியம் ஊதினார். மார்போடு அணைத்துப் பிடித்து ஊதவேண்டிய பெரிய பித்தளை வாத்தியம் அது. பள்ளிக்கூட பேண்டில் கற்றுக்கொண்டதை அவர் விடவே இல்லை. ஜெகதீஸ்வரி அதையெல்லாம் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "நீயும் வர்றியா?" என்று அவர் கேட்டார். "சாவு ஊர்வலத்த யாராச்சும் வேடிக்கை பாக்கப் போவாங்களா?" என்றாள் அவள். அவர் தலையை அசைத்துவிட்டுப் போனார். அது எந்தத் தலையசைப்பு என்று அவள் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்கவும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்திவிட்டு இறங்கியவர், அதன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயது. இவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பேசாமலே இருந்தவர் பேசாமலே போனார்.

யூபோனியம் பேண்டு தவுக்கேக்குச் சொந்தம். காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்த முதலாளி தானே வந்து, கைகூப்பி, வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போனார். கொடுப்பதற்குமுன் துடைத்து வைக்கலாம் என்று ஜெகதீஸ்வரி பெட்டியைத் திறந்தபோதுதான் அந்தத் தாள் கிடைத்தது. ஐந்தைந்து கோடுகளாக வரிசை அடித்த ஒற்றைத் தாள். பென்சிலால் புள்ளிகள். அடியில் அவர் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் தேதி. அவர் போவதற்கு எட்டு நாள் முந்திய தேதி. பாட்டின் பெயர் இல்லை, ஒரு வார்த்தை இல்லை.

எட்டு நாளைக்கு முன் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்த ஒன்றை வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வது? தனக்காகத்தான் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

அதை வாசிக்கவும் அவளுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் வினை. மகள் ஷர்மினி தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது எல்லாப் பிள்ளைகளுக்கும் ரெக்கார்டர் என்ற பிளாஸ்டிக் புல்லாங்குழலைப் பழக்கினார்கள். ஷர்மினி வீட்டுப்பாடத்துக்கு அழுவாள். அழுகையை நிறுத்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். சுரங்களுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். அடிக்கோடு இ, அதற்கு மேல் கோடு ஜி, அப்புறம் பி என்று பாடப்புத்தகம் சொன்னதை, மகள் மறந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனபிறகும் அம்மா மறக்கவில்லை. அந்தப் பழைய ரெக்கார்டரைத் தேடி எடுத்துக் கழுவி, வாசுவின் தாளைச் சாமிமேடைக்கு முன்னால் விரித்து வைத்து ஊதினாள். வரிசையின் தொடக்கத்தில் வாசு போட்டிருந்த குறி பாடப்புத்தகத்தில் இருந்த சுருள் குறியைப்போல இல்லைதான். வளைந்த கோடு ஒன்று, பக்கத்தில் இரண்டு புள்ளி. ஆனால் அவர் கையெழுத்தே கோணல். பாசாருக்கு எழுதித் தரும் சாமான் பட்டியலில் வெங்காயமும் வெந்தயமும் ஒரே மாதிரி இருக்கும்.

ஊதியதும் வந்தது அழுகை. அவளுடைய அழுகையைச் சொல்லவில்லை, பாட்டே அழுதது. கீழே இறங்கி, ஏற மனமில்லாமல் ஏறி, மறுபடி இறங்கியது. முதல் தடவை முடித்ததும் ஜெகதீஸ்வரி மறுபடி முதலிலிருந்து ஊதினாள். இவருக்குள் இத்தனை துக்கம் இருந்ததா? பக்கத்திலேயே படுத்திருந்தோமே, ஒருநாளாவது கேட்டோமா? அன்று முதல் தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் அதை ஊதினாள். ஊதி முடித்து அவர் படத்தைப் பார்த்து, "என்னங்க அது, இப்பயாச்சும் சொல்லுங்களேன்" என்பாள். சொல்லாதவர் இனியா சொல்லப்போகிறார்? அவளாக ஒவ்வொரு காரணமாக எடுத்து வைத்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் கடைசியில் பொத்தான் போட்டுக்கொண்டே அவர் கேட்ட அந்த இரண்டு வார்த்தையில்தான் போய் நின்றாள்.

ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படிப் போனது.

இரண்டாம் திவசத்துக்கு அதை ஒரு நல்ல வாத்தியத்தில் யாரையாவது வாசிக்கச் சொல்லி, ஃபோனில் பதிவு செய்து, படையல் போடும்போது ஒலிக்கவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஜெகதீஸ்வரி வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அவளோடு ஒரே மேசையில் சர்க்யூட் பலகைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சோதிக்கும் நோர்மா, தன் பிள்ளைக்குப் பியானோ கற்றுக்கொடுக்கும் டீச்சர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். தமிழ் பேசுகிற முஸ்லிம் பெண், ஜார்ஜ் டவுன் ஆர்கைல் ரோட்டில் மாடி வீடு. ஒரு சனிக்கிழமை காலை ஜெகதீஸ்வரி பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினாள். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

சித்தி ஹாஜராவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் புருவம் கொஞ்சம் நெளிந்தது.

"அக்கா, இத நீங்க எப்படி வாசிப்பீங்க? வாசிச்சுக் காட்டுங்களேன்."

ஜெகதீஸ்வரி கைப்பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்து, தாளைப் பார்க்காமலே ஊதினாள். இரண்டு வருடப் பழக்கம். முடியும்வரை ஹாஜரா அசையவில்லை.

"ரொம்ப நல்லாருக்குக்கா," என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா இது அவரு எழுதினது இல்ல."

"அவரு கையெழுத்துத்தான் டீச்சர். தேதிகூட இருக்கு பாருங்க."

"எழுதினது அவருதான். நீங்க ஊதினதுதான் வேற." ஹாஜரா அந்த வளைந்த குறியின்மேல் விரலை வைத்தாள். "இது பாஸ் கிளெஃப். கீழ்க்குரல் வாத்தியத்துக்கெல்லாம் இந்தக் குறிதான் போடுவாங்க. இது இருந்தா அடிக்கோடு இ இல்ல, ஜி. எல்லாமே மாறிரும். பிள்ளைங்க படிக்கிற செக்கோலால ரெக்கார்டருக்கு இது வராது, அதனால சொல்லித்தரமாட்டாங்க."

ஜெகதீஸ்வரிக்கு முகம் சூடேறியது. இரண்டு வருடம், தினமும், விளக்கேற்றி வைத்துத் தப்பாக ஊதியிருக்கிறாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றுகூடச் சரியில்லை.

"நான் வாசிச்சுக் காட்டவா? ரெண்டு நிமிஷம்தான்," என்று ஹாஜரா பியானோ மூடியைத் திறந்தாள்.

ஜெகதீஸ்வரி தாளின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். "வேணாம் டீச்சர்."

ஏன் வேண்டாம் என்று அவளுக்கே முதலில் புரியவில்லை. நிஜத்தைக் கேட்கப் பயமாக இருந்தது, அது ஒன்று. இன்னும் பெரிய துக்கமாக இருந்துவிட்டால்? துக்கமே இல்லாமல் போய்விட்டால்? ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. வாசு கூப்பிட்டபோது அவள் போகவில்லை. இந்த ஒரு இடத்துக்காவது, யாரும் தூக்கிக்கொண்டு போகாமல், தன் காலால் நடந்து போய்ச் சேரவேண்டும் என்று இருந்தது.

"நீங்க எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுங்க. நானே வாசிக்கறேன்."

"சூசா ஒண்ணும் இல்லக்கா, சுலபம்தான், ஆனா கொஞ்ச நாளாகும்."

"ரெண்டு வருசம் ஆச்சு. இன்னும் கொஞ்ச நாள்தானே."

ஹாஜரா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கற்று முடிக்கும்வரை அந்தத் தாள் உறையைவிட்டு வெளியே வரக்கூடாது.

இடது கையைத்தான் ஹாஜரா முதல் பாடமாகக் கொடுத்தாள். உள்ளங்கை தன்னைப் பார்க்க, கட்டைவிரல் மேலே இருக்க, கையைக் குறுக்கே நீட்டினால் ஐந்து விரலும் ஐந்து கோடு. சுண்டுவிரல் ஜி, மோதிரவிரல் பி, நடுவிரல் டி, ஆள்காட்டி விரல் எஃப், கட்டைவிரல் ஏ. அந்த வளைந்த குறியின் இரண்டு புள்ளியும் ஆள்காட்டி விரலுக்கு மேலும் கீழும் காவல் நிற்கின்றன, அந்தக் கோடு எஃப் என்று காட்ட. வழி தவறினால் அங்கே வந்து நின்று எண்ணிக்கொள்ளலாம்.

தொழிற்சாலை பஸ்ஸில் ஜெகதீஸ்வரி இடது கையை நீட்டி வைத்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு முணுமுணுத்தபடி வருவதைப் பார்த்து, நோர்மா அவளுக்குக் கைவலி என்று நினைத்துத் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் வாங்கித் தேய்த்துக்கொண்டாள், வேறென்ன சொல்வது.

ஐம்பது வயதில் புதிதாக ஒன்றைக் கற்பதில் கஷ்டமில்லை, பழையதை மறப்பதில்தான் இருக்கிறது என்று சிலர் ஞானம் பேசுவார்கள். ஜெகதீஸ்வரிக்கு இரண்டுமே கஷ்டமாக இருந்தது. அடிக்கோட்டில் புள்ளியைக் கண்டதும் கண் தன்பாட்டுக்கு இ என்றது. விரல் ஜி என்று திருத்தியது. நடுவில் அவள் மாட்டிக்கொண்டு விழித்தாள். ஹாஜரா வேறு வேறு தாள்களாகக் கொடுத்தாள், குழந்தைகளுக்கான சின்னச் சின்ன வரிகள். அவற்றைப் பியானோவின் இடதுபக்கக் கட்டைகளில் ஒரு கையால் தட்டவேண்டும். அங்கே ஒலி ஆழமாக, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல இருந்தது. இப்படித்தான் அவருடைய வாத்தியம் ஒலித்திருக்குமோ என்று நினைத்தாள். நினைத்ததும் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள், அன்றைய பாடம் அதோடு போயிற்று.

வீட்டில் ரெக்கார்டரைத் தொடவில்லை. விளக்கேற்றியதும் வீடு வெறிச்சென்று கிடந்தது. தப்பான பாட்டானாலும் அது துணையாக இருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தாள். ஷர்மினியிடம் ஃபோனில் சொன்னபோது, "மா, அந்த டீச்சரையே வாசிக்கச் சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. எதுக்கு மா இத்தன பாடு?" என்று கேட்டாள். "உனக்குப் புரியாது" என்று ஜெகதீஸ்வரி வைத்துவிட்டாள். திவசமும் வந்தது. பாட்டில்லாமலே படையல் போட்டாள். படத்தைப் பார்த்து, "இன்னும் படிச்சு முடிக்கல, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை ஹாஜரா கொடுத்த புதுத் தாளை அவள் எங்கும் நிற்காமல் வாசித்தாள். ஹாஜரா அதை எடுத்துவிட்டு, பியானோவில் தாள் வைக்கும் பலகை காலியாக இருப்பதைக் கண்ணால் காட்டினாள். ஜெகதீஸ்வரி பிளாஸ்டிக் உறையைத் திறந்து வாசுவின் தாளை வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் புள்ளி மோதிரவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில். சி. அடுத்தது சுண்டுவிரல். ஜி. மறுபடி சி. மறுபடி ஜி. பும், பும், பும், பும். பிறகு ஐந்து புள்ளிகள் வரிசையாகப் படியேறின. அதற்கப்புறம் திரும்பவும் பும், பும்.

குறுக்குக்கோடுகள் பிரித்துக் காட்டிய கட்டங்களில் நாலு முடிவதற்குள் அவள் கையை எடுத்துவிட்டாள். "டீச்சர், நான் தப்பா வாசிக்கறேன்."

"இல்லக்கா. சரியாத்தான் வாசிக்கறீங்க."

"இது சந்தோசமா இருக்கே."

"சந்தோசமான பாட்டுதான். சீனர் சாவு ஊர்வலத்துல இப்படியும் வாசிப்பாங்க." ஹாஜரா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டாள். "புள்ளியெல்லாம் அதேதான். ரெண்டு எழுத்துத் தள்ளிப் படிச்சா அதே பாட்டு சோகமா கேக்கும். அதான் நடந்திருக்கு. அப்புறம், இன்னொண்ணு. அத நான் மொத நாளே சொல்லியிருக்கணும், மனசு வரல. இது முழுப் பாட்டே இல்லக்கா. பாட்ட வேற வாத்தியங்க வாசிக்கும். இது அதுக்கு அடியில தாங்கிப் பிடிக்கிறது. பேண்டுல அவரோட பங்கு. பழைய தாள் கிழிஞ்சிருக்கும், பாத்துக் காப்பி எடுத்து வச்சிருக்காரு."

காப்பி. இரண்டு வருடம் சாமிமேடைக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டி, அழுது தொழுதது ஒரு காப்பியை. ஜெகதீஸ்வரிக்கு முதலில் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் தாளின்மேலேயே வந்தது. பிடிவாதமாக மறுபடி முதலிலிருந்து தட்டினாள். பும், பும், பும், பும்.

இரண்டாவது தடவைதான் அவளுக்கு அது பிடிபட்டது. இந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, சனிக்கிழமைதோறும் அவர் ஊதிய சத்தம் இதுதான். சமையலறை ஜன்னல் வழியாக வரும். பாட்டாக இருந்தாலாவது பரவாயில்லை, ஒரே பும் பும். "அக்கம்பக்கத்துல ஆளுங்க இருக்காங்கல்ல, போதும் நிறுத்துங்களேன்" என்று எத்தனை தடவை கத்தியிருப்பாள். அவர் நிறுத்துவார். அவள் தாளித்து முடித்ததும் மறுபடி ஆரம்பிப்பார். இதை எப்படி மறந்துபோனாள்? இரண்டு வருடமாக இல்லாத ஒரு அழுகையைக் கேட்டுக்கேட்டு, இருந்த சத்தத்தைத் தொலைத்துவிட்டாள்.

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வழிந்தது. ஹாஜரா டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

"அவருக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல டீச்சர்," என்றாள் ஜெகதீஸ்வரி. "நானா நெனச்சுக்கிட்டேன்."

சொன்னபிறகுதான் அதன் கனம் தெரிந்தது. அவருக்குத் துக்கம் இருந்தவரை இவளுக்கு ஒரு வேலை இருந்தது. தினமும் கேட்கலாம், சமாதானம் சொல்லலாம், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம். இப்போது கேட்க ஒன்றுமில்லை. அவர் நன்றாகத்தான் இருந்தார், பும் பும் என்று ஊதிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார், பிறகு இல்லாமல் போய்விட்டார். காரணம், கதை, ரகசியம் என்று எதுவும் கிடையாது. அவர் வேண்டும், அவ்வளவுதான். முக்காலியில் உட்கார்ந்து இன்னொரு சனிக்கிழமை ஊதவேண்டும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

"மிச்சத்தையும் வாசிச்சிருங்கக்கா," என்றாள் ஹாஜரா.

இரண்டாவது வரிசையின் நடுவில் தடித்த கோடு ஒன்று குறுக்கே கிடந்தது. அதன் தலைமேல் 24 என்று எழுதியிருந்தது. ரெக்கார்டரில் ஊதியபோது அதை ஏதோ அடித்துத் திருத்தியது என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள்.

"இது என்ன டீச்சர்?"

"இருபத்துநாலு கட்டம் வாசிக்கக்கூடாது. மத்தவங்க வாசிப்பாங்க, இவரு சும்மா இருக்கணும். சும்மான்னா சும்மா இல்ல. ஒவ்வொரு கட்டமா மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கணும். எண்ணிக்கை தப்பினா திரும்ப உள்ள வர முடியாது. கீழ்க்குரல் வாத்தியக்காரங்களுக்கு வாசிக்கிறத விட இதுதான் பெரிய வேலை."

"ஊர்வலத்துலயா?"

"நடந்துக்கிட்டேதான். வாத்தியத்தப் புடிச்சுக்கிட்டு, கேட்டுக்கிட்டு, எண்ணிக்கிட்டு."

அவள் போய்ப் பார்க்காத ஊர்வலம் அப்போது அவளுக்குத் தெரிந்தது. வெயிலில், வெள்ளைச் சட்டையில், பித்தளையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசு வாய்மூடி நடக்கிறார். எங்கோ பார்க்கிற பார்வை. அந்த முகம் அவளுக்குப் புதிதல்ல. சாப்பாட்டு மேசையில், ஃபெரியில், டிவிக்கு முன்னால் இருபத்தாறு வருடம் அவள் பார்த்த முகம். என்ன யோசிக்கிறார் என்று கேட்கத் தோன்றி, கேட்காமல் விட்ட முகம்.

"எண்ணுவோமாக்கா?" ஹாஜரா பியானோ மரத்தில் விரலால் தட்டத் தொடங்கினாள். நாலு தட்டுக்கு ஒரு கட்டம், ஊர்வல நடையின் வேகம்.

ஜெகதீஸ்வரி கையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. கீழே தெருவில் மோட்டார்கள் போயின, யாரோ யாரையோ ஹக்கீம் என்று கூப்பிட்டார்கள். அவள் எதற்கும் திரும்பவில்லை. பத்துக்கு மேல் போனபோது எண்ணுவது தான்மட்டும் அல்ல என்று அவளுக்குப் பட்டது. பக்கத்தில் ஒருவர் அதே எண்ணை அதே நேரத்தில் வாய்க்குள் சொல்லிக்கொண்டு நடந்தார். இருபது. இருபத்தொன்று. இன்னும் மூன்று கட்டத்தில் அவர் வாத்தியத்தை உதட்டுக்கு உயர்த்துவார். இருபத்துமூன்று. இருபத்துநாலு.

ஹாஜராவின் விரல் இன்னும் நாலு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.

"அக்கா, உங்க எடம் வந்துருச்சு. வாசிக்கணும்."

"தெரியும் டீச்சர்," என்றாள் ஜெகதீஸ்வரி. கட்டையை நோக்கி அவள் கை எழவில்லை. அவள் வாசித்துவிட்டால் தாள் முடிந்துவிடும். எண்ணிக்கொண்டிருக்கும்வரை அவர் வரப்போகிறவர்.

"இன்னொரு தடவ தட்டுங்க," என்று சொல்லிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.